‘உங்களுக்குள்’ என்னும் சொல்

லூக்கா 17:21ஐப் பிரசங்கிக்கும் நம் போதகர் பலர், இறையரசு அவரவர் உள்ளத்தில் இருப்பதாகவே விளக்குகின்றனர். பழமையான இவ்விளக்கத்திற்கு, 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்திலுள்ள ‘வித்தின்’ என்னும் இடச்சொல் வலுவூட்டியது. அச்சொல் உட்புறத்தையே குறிக்கும். ‘பலருக்கிடையே’ என்று அதற்குப் பொருள்கொள்வது அரிது.

தமிழின் ‘உள்’ அத்தகையதன்று. ஆட்டையாம்பட்டியில் கைமுறுக்குச் சுற்றுவோர், “வேலையை எங்களுக்குள் பிரித்துக்கொண்டோம்” என்பராயின், அங்கே உள்ளத்திற்கு என்ன வேலை? ‘எனக்குள்’ அகத்தைச் சுட்டும். ‘எங்களுக்குள்’ என்பதோ பெரும்பாலும் மனிதருக்கு இடையிலுள்ளதைச் சுட்டும். மேலும், நம் பழைய திருப்புதல் ஒருவரை ‘நீ’ என்றோ ‘நீர்’ என்றோ விளிக்கும்; நிக்கொதேமுவை இயேசு விளிப்பதும் ‘நீ’ என்றே. ஆகவே அதில் ‘உங்களுக்குள்’ என்பது மெய்யான பன்மை. இன்றோ ‘நீங்கள்’ மரியாதை ஒருமையாகவும் வழங்குவதால், கேட்பவர் அதனைத் தமக்கு மட்டும் உரியதாகக் கொள்ள இடமுண்டு.

கிரேக்க மூலத்திலுள்ள ‘என்டொஸ்’ புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகின்றது. மற்றோரிடமாகிய மத்தேயு 23:26இல் அது பாத்திரத்தின் உட்புறம். ‘நடுவே’ என்பதற்கு லூக்கா வழக்கமாக வேறு தொடரையே ஆளுகின்றார். இவை ‘உள்ளம்’ என்னும் பொருளுக்குத் துணைநிற்பன; இவற்றை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் இயேசு விடையளித்தது பரிசேயருக்கு. அவர்கள் உள்ளத்தில் இறையரசு குடிகொண்டதென அவர் கூறினார் என்பதை ஏற்பது நமக்குக் கடினமாகத் தோன்றுகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘நடுவே’ என்றே தருகின்றது. ‘கைக்கெட்டும் தொலைவில்’ எனக் கொள்வாரும் உளர்.

உள்ளத்திற்குள் மட்டும் இறையரசை வைத்துவிட்டால், ஒரே சபையில் சாதியால் பிரிந்து நிற்போரிடம் இவ்வசனம் எதனையும் கேட்பதில்லை. ‘உங்களுக்குள்’ என்பதைச் சபையை நோக்கிப் படித்தாலோ, பந்தியிலும் கல்லறைத் தோட்டத்திலும் அதனைத் தேடவேண்டியவர்களாகிறோம்.