மதுக்கரைக் கல்லில் இரண்டு பூச்சுகள்

கண்ணாடிக்குள் இடப்புறம் இருப்பது சுண்ணாம்புக் காரை. வலப்புறம் இருப்பது சிமெண்டுப் பூச்சு. இரண்டுக்கும் மூலம் கோவை மதுக்கரைப் பகுதியில் வெட்டப்படுவது போன்ற சுண்ணாம்புக்கல்லே.

கொங்கு நாட்டின் பழைய தொட்டிக்கட்டு (நடுமுற்ற) வீடுகள் பலவும் சிமெண்டுக்கு முந்தைய சுண்ணாம்புக் காலத்தவை. சுட்ட கல்லை நீரில் நீற்றி, மணல் சேர்த்துச் செக்கில் அரைத்தார்கள். கடுக்காய், வெல்லம் ஊறிய நீரையும் ஊற்றுவதுண்டு. இந்தக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல இறுகும். மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் இதன் வழியே வெளியேறிவிடும்.

1930-களில் மதுக்கரையில் சிமெண்டு ஆலை வந்தது. பழைய சுவரின் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்புப் பூத்துச் செங்கல் பொடியும். பழுதுபார்க்கும்போது பழைய காரையை ஆய்ந்து அதே கலவையைப் பூசுவது இதனால்தான்.

பழைய கட்டடங்களைக் காக்கச் சட்டமும் உண்டு. தமிழ்நாட்டின் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடத்தை அரசின் அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ கூடாது. மதுரைத் திருமலை நாயக்கர் மகால் அத்தகையது. 17-ஆம் நூற்றாண்டில் அரச குடும்பம் வாழ்ந்த அந்த மாளிகையை, 19-ஆம் நூற்றாண்டில் ஆளுநர் நேப்பியர் பிரபு புதுப்பிக்கச் செய்தார். இன்று மாநிலத் தொல்லியல் துறை அதைப் பராமரிக்கிறது.