கேப்டவுனில் இரண்டாம் புத்தாண்டு

டிசம்பர் இறுதியில் கேப்டவுனில் கோடைக்காலம். இரவு எட்டு மணிக்குத்தான் கதிரவன் மறைகிறான். நகரின் தலைமேல் நிற்கும் மேசைமலைக்கு 1929 முதல் ரோப் கார் இயங்குகிறது. நாங்கள் சென்ற முதல் நாள் தென்கிழக்குக் காற்று வலுத்ததால் அது நிறுத்தப்பட்டிருந்தது. மலைமீது படர்ந்த வெண்முகிலை, அவ்வூரார் 'மேசைவிரிப்பு' என்பதை, கீழிருந்தே கண்டு திரும்பினோம். மூன்றாம் நாள் காலையில்தான் வழி கிடைத்தது. மலைக்கென ஒரே நாளை ஒதுக்குவது போதாது.

ஆயினும் நெஞ்சில் நின்றது ஜனவரி 2. டச்சுக்காரர் ஆட்சியில் வங்காளம், சோழமண்டலக் கரை, இந்தோனேசியத் தீவுகள், கிழக்கு ஆப்பிரிக்கா ஆகியவற்றிலிருந்து அடிமைகள் இங்குக் கொணரப்பட்டனர். எசமானரின் புத்தாண்டு விருந்துக்கு உழைத்த அவர்களுக்கு மறுநாள்தான் ஓய்வு. அந்த ஓய்வுநாளே இன்று 'இரண்டாம் புத்தாண்டு'. பளபளக்கும் உடையும் வண்ணம் பூசிய முகமுமாக, பாஞ்சோவும் முரசும் முழங்க, அணியணியாக ஆடிச் செல்கின்றனர். (சில ஆண்டுகளில் ஊர்வலம் ஓரிரு நாள் தள்ளிப்போவதுண்டு, விமானச்சீட்டு வாங்குமுன் தேதியை உறுதிசெய்துகொள்வது நலம்.)

நல்ல இடம் வேண்டி முந்தைய இரவே குடும்பங்கள் தெருவோரம் நாற்காலியிட்டு அமர்ந்துவிடுகின்றன. தாமதமாக வந்த நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். இந்தியாவிலிருந்து வருகிறோம் என்றறிந்த மூதாட்டி ஒருவர், பேரனை மடியில் ஏற்றிக்கொண்டு அவன் நாற்காலியை எங்கள் பக்கம் நகர்த்தினார்.