சொந்தக் காசில் புத்தகம் போடும்முன்

புதுக்கோட்டை வரலாற்றை எழுத உட்காரும் எவரும் சித்தன்னவாசலைத் தொடாமல் விடமாட்டார். வழுக்கும் இடமும் அதுதான். அங்குள்ள அறிவர்கோவில் என்ற குடைவரைக் கோயிலின் ஓவியங்கள் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை என்று 1920 வாக்கில் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ராய் கருதினார். பின்னர் அறிவர்கோவில் கல்வெட்டு வேறு செய்தி சொன்னது: 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்திருக்கிறார். எனவே ஓவியங்கள் அந்தக் காலத்தவையாகவும் இருக்கலாம். ஆனாலும் ‘பல்லவர் ஓவியம்’ என்ற வரி புத்தகத்துக்குப் புத்தகம் நகலாகிக்கொண்டே போகிறது.

நல்ல பதிப்பாசிரியர் அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டு, ஆதாரம் கேட்பார். நாமே பதிப்பிக்கும்போது அப்படிக் கேட்க ஆளில்லை. பண நஷ்டத்தைவிடப் பெரிய ஆபத்து இதுதான் என்பேன்.

சொந்தப் பதிப்பென்றாலே தரம் குறைவு என்பதில்லை. உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைக் கையொப்பக்காரர்களிடம் முன்பணம் திரட்டித்தான் அச்சிட்டார். பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயா நூலகம் இத்தகைய பழைய நூல்களின் முதல் பதிப்புகளுக்குப் பேர்போனது. புத்தகம் போடும் எண்ணமிருப்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

இன்று பிழைகள் வேறு வழியிலும் நுழைகின்றன. பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். அதனால் பக்க வடிவமைப்பு முடிந்தபின் கடைசி மெய்ப்பை ஒருமுறை முழுதாக வாசிக்க வேண்டும். அதையும் எழுதியவர் அல்லாத இன்னொருவர் வாசிக்க வேண்டும். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

‘பேக்கேஜ்’ என்று மொத்தத் தொகை கேட்பவர்களிடம் மெய்ப்புப் பார்ப்பது யார், எத்தனை பிரதி, உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஐஎஸ்பிஎன் எண்ணுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் காரணம் கேளுங்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது. பிரதிக்கு விலை குறையும் என்று ஆயிரம் அடித்தால் பெரும்பகுதி பரணில்தான் கிடக்கும். டிஜிட்டல் அச்சில் ஐம்பது போதும். விற்றால், பிழை திருத்தி மறுபடி அடிக்கலாம்.

அட்டைக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியையாவது முதலில் மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கொடுங்கள்.