கள்ளியினச் செடிகளின் இராப்பொழுது வேலை

வரப்போரத்திலும் வேலிகளிலும் காணப்படும் சப்பாத்திக்கள்ளி, கற்றாழை, பிரண்டை முதலியவற்றை அறியாத குடியானவர் இலர். கிணறு அடிகண்டு, மேய்ச்சல் தரையெல்லாம் கருகிய கோடையிலும் இவை பசுமை மாறாது நிற்கின்றன. இவற்றின் தடித்த சதையில் நீர் சேமிக்கப்பட்டிருத்தலே காரணம் என்று யாவரும் கூறுவர். அது மெய்யே; எனினும் பாதிக் காரணமேயாகும். சேமித்த நீரை வீண்செலவு செய்யாத முறையே மற்றப் பாதி. அஃது இரவில் நடைபெறுவதால் நம் கண்ணுக்குப் புலனாவதில்லை.

கண்ணுக்குப் புலனாகாததை நாவினால் அறியலாம். பிள்ளைகள் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று புத்தகத்துள் வைத்து விளையாடும் ரணகள்ளியின் இலையொன்றைச் சூரியோதயத்திற்கு முன் பறித்து, அதன் சாற்றை நாவின் நுனியில் வைத்துப் பார்த்து உமிழ்ந்துவிடுக. நல்ல புளிப்பு இருக்கும். அதே செடியில் பிற்பகல் மூன்று மணிக்கு வேறோர் இலையைப் பறித்துப் பார்த்தால் புளிப்பு அநேகமாய் இராது. (சாற்றை விழுங்க வேண்டா. இச்செடியைத் தின்னும் கால்நடைகளுக்கு விஷம் ஏறுவதுண்டு.) ஒரு கிராமத்தில் இதனைச் செய்து காட்டியபொழுது, நான் இலையை மாற்றிவிட்டதாகப் பெரியவர் ஒருவர் ஐயுற்றார். மறுநாள் இருவேளையும் அவர் கையாலேயே பறிக்கச் செய்த பின்னரே ஒப்புக்கொண்டார். சென்னை அரசாங்கத்தின் கீழ் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் என்னும் தாவர நூலார் இந்த இலையின் சுவை வேளைக்கு வேளை மாறுவதை எழுத, அது 1815-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தாரின் வெளியீட்டில் அச்சாயிற்று.

புளிப்பு எங்கிருந்து வந்தது? நெல், கடலை போன்ற பயிர்கள் பகலில் இலைத்துவாரங்களைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன. திறந்த வாயில் வழியே நீர் ஆவியாய்ப் போவதைத் தடுக்க முடியாது. ஒரு கிராம் கரியமில வாயுவைப் பெற அவை ஏறக்குறைய 400 முதல் 500 கிராம் நீரை இழக்கின்றன. கள்ளியினங்களோ பகலில் வாயிலை மூடி, வெயில் தணிந்து காற்றில் ஈரம் மிகும் இரவில் திறக்கின்றன. ஆகவே அதே அளவு வாயுவுக்கு இவை 50 முதல் 100 கிராம் நீரே செலவிடுகின்றன.

ஆனால் இரவில் வெயிலில்லை. வெயிலின்றிச் சர்க்கரை சமைக்க இயலாது. வந்த வாயுவை விடியும்வரை எங்ஙனம் கட்டிவைப்பது? இங்கேதான் பகலில் ஒதுக்கிய மாவுச்சத்து பயன்படுகின்றது. இருட்டியதும் அது சிறுகச் சிறுகக் கரைந்து சர்க்கரையாகி, பின் மூன்று கரியணுக்களுடைய துண்டுகளாகப் பிளவுபடும். ஒவ்வொரு துண்டும் கரியமில வாயுவிலிருந்து ஒரு கரியணுவைப் பற்றி, இறுதியில் மாலிக் அமிலமாக மாறும். ஆப்பிள் பழத்தின் புளிப்பும் இதுவே. இவ்வமிலம் நுண்ணறைகளினுள் இருக்கும் நீர்ப்பைகளில் இரவு முழுதும் சேரும். பொழுது புலர்ந்ததும் வெளிவந்து, பற்றிய வாயுவை உள்ளேயே விடுவிக்கும். வாயில் மூடியிருப்பதால் அவ்வாயு எளிதில் வெளியேறாது; பச்சையம் வெயிலின் துணையால் அதைச் சர்க்கரையாக்கும். மிஞ்சிய மூன்றணுத் துண்டுகள் பெரும்பாலும் மீண்டும் மாவுச்சத்தாகிக் களஞ்சியம் சேரும்.

இது விதைநெல் ஒதுக்குவது போன்றதே. அமிலத்திலுள்ள நான்கு கரியணுக்களில் மூன்று பழைய முதல். ஒன்றே புதிய வரவு. நெல்லுக்கு விதை ஆண்டிற்கு ஓரிரு முறை ஒதுக்கினால் போதும். கள்ளி ஒவ்வொரு பகலும் ஒதுக்க வேண்டும். பகலில் நிழல் கவிந்தால் முதல் குறையும். முதல் குறைந்தால் அன்றிரவின் வரவும் குறையும். இத்துடன் நீர்ப்பையின் கொள்ளளவும் ஓர் எல்லை. புழுக்கமான இரவுகளில் அமிலச் சேர்க்கை குறைவு; குளிர்ந்த இரவுகளில் மிகுதி. இச்செடிகளிற் பல மெல்ல வளர்வதற்கு இவையே காரணம். கடும் வறட்சியில் வாயிலை இரவும் பகலும் மூடிக்கொண்டு, தன் மூச்சில் வெளிப்படும் கரியமில வாயுவையே திரும்பத் திரும்ப உபயோகிக்கும். பிடுங்கி வரப்பில் எறிந்த கள்ளி மாதக்கணக்கில் வாடாதிருப்பது இதனால்தான். அப்பொழுது அது வளர்வதில்லை, உயிரைக் காத்துக்கொள்கிறது, அவ்வளவே.

அன்னாசியும் இம்முறையையே கைக்கொள்வது. ஆனால் அதன் முதல் மாவுச்சத்தன்று, பெரும்பாலும் கரைந்த சர்க்கரையே. பிரண்டையின் தண்டும் இவ்வினமே. எனினும் பிரண்டை நாவில் அரிப்பது ஊசி போன்ற ஆக்ஸலேட் படிகங்களால். அதற்கும் இரவு பகலுக்கும் சம்பந்தமில்லை.

பஞ்ச காலத்தில் முள்ளில்லாச் சப்பாத்தியையோ, முள்ளைத் தீயில் பொசுக்கிய நாட்டுச் சப்பாத்தியையோ மாட்டுக்குப் போடுவோர் இதனை நினைவில் வைத்தல் நலம். விடியற்காலையில் வெட்டிய மடல் புளிப்பு மிக்கது. இருட்டறையில் குவித்து வைத்தால் அப்புளிப்பு எளிதில் நீங்காது. ஆதலால் வெயில் பட்ட மடலைப் பிற்பகலில் வெட்டுவதே என் சிபாரிசு. மெக்ஸிகோ தேசத்தில் இளமடலைக் கறியாகச் சமைப்போரும் வெட்டும் வேளையைப் பொறுத்துப் புளிப்பு வேறுபடுவதை அறிவர். மடலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீரே, புரதம் சொற்பம். தனியே போட்டால் மாடு கழியும். துண்டு துண்டாய் நறுக்கி வைக்கோலுடன் கலந்து, பிண்ணாக்கும் கிடைத்த அளவு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு செடியின் மடல்கள் அனைத்தையும் ஒரேமுறையில் வெட்டிவிடாது, அடிமடல்களோடு இரண்டொரு மேல்மடல்களையும் விட்டுவைத்தால், அடுத்த இரவின் வேலைக்கு வேண்டிய முதல் அதனிடம் இருக்கும்.