கட்டியில்லாமல் வரும் மார்புப் புற்று

மார்பில் புற்றுநோய் என்றால் முதலில் ஒரு கட்டி தோன்றும்; கல்லைப்போல் கெட்டியாக இருக்கும்; பெரும்பாலும் வலிக்காது. இவ்வளவு விஷயம் இன்று மொரப்பூர்ப் பக்கத்துத் தாய்மார்களில் பலருக்கும் தெரிந்திருக்கிறது. ரேடியோவிலும் டெலிவிஷனிலும் சொல்லிச் சொல்லி மனத்தில் பதிந்துவிட்ட பாடம். நல்ல பாடந்தான். ஆனால் அந்தப் பாடத்தை மட்டும் நம்பியிருந்து ஏமாந்து போகிற பெண்களும் உண்டு. ஏனென்றால், கட்டியே தட்டுப்படாமல் வருகிற மார்புப் புற்று ஒன்று இருக்கிறது.

டாக்டர்கள் அதை அழற்சி வகை மார்புப் புற்று என்கிறார்கள். அபூர்வமான வியாதி. அமெரிக்கக் கணக்குப்படி மார்புப் புற்று கண்ட 100 பெண்களில் 1 முதல் 5 பேருக்குத்தான் இது வருகிறது. அபூர்வமாயிற்றே, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. மற்ற வகைப் புற்றுகள் மாதக் கணக்கிலும் வருஷக் கணக்கிலும் வளரும். இதுவோ வாரக் கணக்கில் பரவும். கண்டுபிடிக்கப்படும் அன்றே இது குறைந்தபட்சம் மூன்றாம் கட்டத்தில் இருக்கும் என்பது வைத்தியர்கள் வகுத்திருக்கும் கணக்கு.

"பால் கட்டிக்கிட்டிருக்கும்"

ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். மருமகள் ஒரு பக்கத்து மார்பு கனக்கிறது, சுடுகிறது என்கிறாள். மாமியார் அனுபவசாலி. ஐந்து பிள்ளை பெற்றவள்.

"பால் கட்டிக்கிட்டிருக்கும். வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பத்துப் போடு, ரெண்டு நாள்ல வாங்கிடும்."

"இல்லீங்க அத்தை, புள்ளை பால் மறந்து நாலு வருசம் ஆகுதுங்களே!"

மருமகள் சொன்னதில்தான் உண்மை முழுவதும் இருக்கிறது. ஆனால் வீட்டில் அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பத்து போடுகிறார்கள். பிறகு மருந்துக் கடையில் மாத்திரை வாங்குகிறார்கள். பிறகு ஒரு டாக்டர் ஊசி போடுகிறார். வீக்கம் கொஞ்சம் குறைந்தாற்போல் தெரிகிறது; மறுபடி ஏறுகிறது. இப்படியே ஒரு மாதம், இரண்டு மாதம் ஓடிப்போகிறது.

பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்ய நாம் வரவில்லை. பிள்ளை இறந்து பிறந்தாலோ, பால் மறக்கடிக்க வேண்டியிருந்தாலோ, மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இந்த வழக்கத்தை மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து, பூவும் பலன் தருகிறது என்று 1988-ல் ஆராய்ச்சிக் கட்டுரையே வெளியிட்டார்கள். பாலுக்குப் பூ சரி. பாலே இல்லாத மார்பு வீங்கினால் அதற்குப் பூவும் உதவாது, பத்தும் உதவாது.

சிவப்பா, கறுப்பா?

இந்த வியாதி எப்படி வேலை செய்கிறது? நம் தோலுக்கு அடியில் நூலிழை போன்ற மெல்லிய நிணநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. உடம்பில் ஊறும் நீரை வடித்து எடுத்துச் செல்லும் வாய்க்கால்கள் என்று சொல்லலாம். புற்று அணுக்கள் இந்த வாய்க்கால்களில் புகுந்து அடைத்துக்கொள்கின்றன. மடை அடைபட்டால் வயலில் நீர் தேங்குவதுபோல் மார்பில் நீர் தேங்குகிறது. அதனால்தான் வீக்கம், அதனால்தான் சூடும் நிறமாற்றமும். பார்வைக்குச் சீழ்க்கட்டி வரப்போவது போலிருக்கும். உண்மையில் அங்கே கிருமியும் இல்லை, சீழும் இல்லை. புற்று ஓரிடத்தில் உருண்டு திரளாமல் தகடுபோல் பரவுவதால் கைக்குக் கட்டி அகப்படுவதில்லை. மாமோகிராம் படத்தில்கூடச் சில சமயம் கட்டி தெரியாது. தோல் தடித்திருப்பது மட்டுமே தெரியும்.

தேங்கிய நீரால் தோல் உப்புகிறது. மயிர்க்கால்கள் மட்டும் உள்ளே இழுபட்டுப் புள்ளி புள்ளியாகக் குழிந்து நிற்கின்றன. ஆரஞ்சுத் தோல் போலிருக்கும் என்று மேல்நாட்டு டாக்டர்கள் வர்ணித்தார்கள். ஆரஞ்சுதான் வேண்டுமென்பதில்லை, ஓர் எலுமிச்சம்பழத்தையோ நாரத்தங்காயையோ வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதன் மேலிருக்கும் சிறு குழிகள்தாம் அடையாளம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை அவசியம் சொல்ல வேண்டும். மார்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சிவந்திருக்கும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. வெள்ளைக்காரர் தோலைப் பார்த்து எழுதிய லட்சணம் அது. நம்முடைய மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் அந்தச் சிவப்பு அப்படியே தெரியாது. கருஞ்சிவப்பாக, நாவல்பழச் சாறு பட்டாற்போல, அடிபட்டுக் கன்றியது போலத் தெரியலாம். "எங்கும் சிவப்பைக் காணோமே" என்று நிம்மதி அடைவது தவறு. இரண்டு மார்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான வழி. ஒன்று திடீரென்று பெருத்துவிட்டதா? ரவிக்கை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறதா? தொட்டால் அந்தப் பக்கம் மட்டும் சுடுகிறதா? நமைச்சலோ வலியோ உண்டா? முன்பு நிமிர்ந்திருந்த காம்பு உள்ளே இழுத்துக்கொண்டதா? அக்குளிலோ காறை எலும்புக்கு மேலோ நெறி கட்டியிருக்கிறதா? இவை சில நாட்களிலோ சில வாரங்களிலோ தோன்றியிருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான்.

பயப்படவும் வேண்டாம். பால் கொடுக்கும் தாய்க்கு மார்பு சிவந்து, குளிரும் ஜுரமும் வந்தால் அது அநேகமாகப் பால் கட்டும் கிருமியுந்தான். தகுந்த மாத்திரையில் சில நாட்களில் தணிந்துவிடும். குழந்தைக்குப் பால் கொடுப்பதையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் மாத்திரை முழுவதும் சாப்பிட்டு ஒரு வாரம், பத்து நாள் ஆகியும் அடங்கவில்லை என்றால், அடுத்த மாத்திரை எது என்று கேட்கக் கூடாது, "தோலில் துளி எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமா, டாக்டர்?" என்று கேட்க வேண்டும். பயாப்ஸி என்பது அதுதான். பயாப்ஸி செய்தால் புற்று பரவிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை இல்லை.

கத்தியால் முடியாத காரியம்

இந்த வியாதிக்குப் பழைய சரித்திரம் உண்டு. மார்பின் தோல் ஊதா நிறம் கொண்டு, சுரீர் சுரீரென்று வலித்தால் அது நல்ல அறிகுறியல்ல என்று சார்லஸ் பெல் என்ற ரண சிகிச்சை நிபுணர் 1814-லேயே எழுதிவைத்தார். இன்றைய பெயரை 1924-ல் லீ, டன்னன்பாம் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் சூட்டினார்கள். பெயர் கிடைத்ததே தவிர வழி கிடைக்கவில்லை. அறுவையை மட்டும் நம்பியிருந்த காலத்தில் 100 பேரில் 5 பேர்கூட ஐந்து வருஷம் தாண்டவில்லை.

வழி கிடைத்தது, வரிசையை மாற்றியபோது. முதலில் கீமோதெரபி மருந்து கொடுத்து வீக்கத்தை வற்றச் செய்கிறார்கள், அதன் பிறகுதான் மார்பை எடுக்கும் ஆபரேஷன், கடைசியில் கதிர்வீச்சு. ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த புற்றாக இருந்தால் அதற்கென்றே தனி மருந்தும் சேர்கிறது. இன்று அமெரிக்காவில் 100 பேரில் சுமார் 40 பேர் ஐந்து வருஷத்தைத் தாண்டுகிறார்கள். போதுமான எண் அல்ல. ஆனால் ஐந்துக்கும் நாற்பதுக்கும் உள்ள தூரம் சாமான்யமானதா?

சென்னை அடையாறு புற்றுநோய் ஸ்தாபனம் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கனவு அது. அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் காலமாகும் வரை அந்த ஸ்தாபனத்தோடேயே இருந்தார். நோய் முற்றிய பிறகு வராதீர்கள், முன்னதாக வாருங்கள் என்பதே அவர் வாழ்நாளெல்லாம் சொன்னது.

மொரப்பூரில் இருப்பவர்களுக்கு அடையாறு எட்டாத ஊரல்ல. ரயில் ஏறினால் போய்விடலாம். முதல் பரிசோதனைக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2008-ல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி தருமபுரியில் இருக்கிறது. பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம். அங்கே ரண சிகிச்சைப் பிரிவில் காட்டலாம். ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருந்தால், கிராமத்துக்கு வரும் நர்ஸம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். பெண் டாக்டர் இருக்கும் நாளை அவரே விசாரித்துச் சொல்லுவார்.

போகும்போது இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் சீட்டுகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வீக்கம் எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனை நாளில் எவ்வளவு பரவியது, கடைசியாகக் குழந்தைக்குப் பால் கொடுத்தது எப்போது என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தத் தேதியைத்தான்.