கரையும் கூரையும் – 9: 2,161 என்னும் எண்

கடற்கரை மனைக்கு மதிப்பு வைப்பது சந்தையைவிட அரசாணையே என்பதையும், ஆழிப்பேரலைக்குப் பின் 2005 மார்ச் 30 அன்று வந்த ஆணை, கரையோர மனையை ஒப்படைப்போருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு என்று கணக்கிட்டதையும் சென்ற வாரம் பார்த்தாயிற்று. இவ்வாரத்துக்கு உரியவை பட்டாவும் வங்கிக் கடனும்; ஆனால் அவற்றுக்கு முன் ஓர் எண் குறுக்கே நிற்கிறது.

கரையில் கட்டடத் தடை அளக்கப்படுவது உயர் அலைக் கோட்டிலிருந்து; பொங்கு ஓதத்தின்போது கடல்நீர் தரையில் எட்டும் உச்ச எல்லையே அது. 1991இன் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கரைகளில் அக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது என்றது. 2011இன் அறிவிக்கை, 100 மீட்டருக்கு அப்பால் மீனவர் முதலிய மரபுவழிக் கரைவாழ் மக்களின் வீடுகளுக்கு வழிவிட்டது. 2019 ஜனவரியில் வந்ததோ ஊரகக் கரையை இரண்டாகப் பிரித்து, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் பகுதிக்கு, கரை மேலாண்மைத் திட்டம் முறைப்படி வகுக்கப்பட்ட பின், 50 மீட்டர் தடையே போதும் என்றும், மற்றவற்றுக்கு 200 மீட்டர் தொடரும் என்றும் விதித்தது.

இரண்டாயிரம் என்று முழுமையாக நில்லாத இந்த எண்ணின் விசித்திரம் ‘மேல்’ என்ற சொல்லோடு இன்னும் கூடுகிறது: அடர்த்தி சரியாக 2,161 என்றிருக்கும் ஊருக்கும் 50 மீட்டர் சலுகை கிட்டாது. ஒரு குழந்தை பிறந்தால் ஊருக்கு அது கிட்டிவிடாதா எனில், கிட்டாது. அடிப்படை 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்பதால், அதன்பின் பிறந்தவர் எவரும் இக்கணக்கில் சேரமாட்டார். மணமாகித் தனிக்குடித்தனம் போகும் மகனுக்கு வேண்டிய புதுவீட்டை அந்தப் பழைய கணக்கே தீர்மானிக்கும்.

மேலும், அடர்த்தி என்பது மக்கள்தொகையைப் பரப்பால் வகுத்துக் கிடைக்கும் ஈவு. எனவே வகுக்கும் பரப்பைப் பெரிதாக்கினால் ஈவு சுருங்கும். பழவேற்காட்டை ஒட்டிய மீனவ ஊரான லைட்ஹவுஸ் குப்பத்தில் சுவரோடு சுவராக வீடுகள் நெருங்கியிருந்தாலும், அவற்றோடு வெறும் மணல்வெளியையும் சேர்த்து வகுத்தால் நெருக்கம் தாளில் மறைந்துவிடும். ஒருபுறம் கடலும் மறுபுறம் பழவேற்காடு ஏரியுமாக அமைந்த இவ்வூருக்கு, கடலேற்றம் எட்டும் ஏரிக்கரையிலும் தனியே ஒரு தடை எல்லை உண்டு. இரண்டு பக்கமும் விதி நெருக்க, நடுவில் எஞ்சும் மண்ணில்தான் வீடு, வலை உலர்த்தும் இடம், படகு ஏற்றும் மேடு எல்லாம் அமையவேண்டும்.

இதே 2019இன் அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளித் தற்காலிகச் சுற்றுலாக் குடில்களை அனுமதிக்கிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தற்காலிகம் என்பதே அதற்குச் சமாதானமாகக் கூறப்படும். ஆனால் விருந்தினருக்கு 10 மீட்டர், மீனவருக்கு 50 அல்லது 200 என்னும் ஏற்பாட்டைச் சூழல் பாதுகாப்பு என்று மட்டும் சொல்லி ஏற்கவைப்பது கடினம்.

பட்டாவும் வங்கிக் கடனும் அடுத்த வாரம் வரும்.