திரைவழி வந்த பாடம்

கபிலை ஆற்றங்கரையில் அமைந்த நஞ்சன்கூடு, மைசூரு மாவட்டத்தின் கோயில் நகரம். தொழில் நகரமும் ஆகும். 2020ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் இங்குள்ள தொழிற்சாலை ஒன்றின் பணியாளர்களிடையே கொரோனா தொற்று பரவியது. நாடெங்கும் பள்ளிகள் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தன. கற்பித்தலைத் தொடர ஆசிரியர்கள் நாடிய வழிகளுள் ஒன்று சமூக ஊடகம்.

நலம் விசாரிக்கப் பயன்பட்ட புலனம் (வாட்ஸ்அப்) பாடம் சொல்லவும் பயன்பட்டது. வகுப்புதோறும் குழுக்கள் தோன்றின. ஆசிரியர் விளக்கத்தைத் தம் குரலில் பதிந்து அனுப்பினார். மாணவர் அதனை வேண்டும்போதெல்லாம் மீண்டும் கேட்டனர்; எழுதிய பக்கத்தை ஒளிப்படம் எடுத்து அனுப்பித் திருத்தம் பெற்றனர்.

எனினும், இவ்வசதி அனைவருக்கும் கிட்டவில்லை. இந்திய ஊரகப் பகுதிகளில் ஆய்வு செய்த ‘அசர்’ அறிக்கையின்படி, பள்ளி மாணவர்களுள் திறன்பேசி உள்ள வீட்டைச் சேர்ந்தோர் 2018இல் 36.5 விழுக்காட்டினர்; 2020இல் 61.8 விழுக்காட்டினர். அப்போதும் நூற்றுவரில் ஏறத்தாழ 38 பேருக்கு வீட்டில் அக்கருவி இல்லை. ஒரே கருவி உள்ள வீட்டில், தந்தை பணிக்குச் சென்றால் அதுவும் உடன் சென்றுவிடும். பள்ளி மொழியைப் படிக்க அறியாத பெற்றோர், பிள்ளையின் ஐயத்தைத் தீர்க்கவும் இயலாது. வேலை தேடி மாநிலம் கடந்து வந்த குடும்பங்களுக்கு இது பெருஞ்சுமையாயிற்று.

இக்குறையைப் போக்க, கர்நாடக அரசு 2020 ஆகஸ்டில் ‘வித்யாகம’ திட்டத்தைத் தொடங்கியது. இணையத்துடன் திறன்பேசி உடையோர், இணையமற்ற கைப்பேசி உடையோர், எக்கருவியும் இல்லாதோர் என மாணவர் மூவகையாகப் பிரிக்கப்பட்டனர். ஆசிரியர்கள் மாணவர் வாழும் பகுதிக்கே சென்று, மரத்தடியிலும் சமுதாயக் கூடத்திலும் சிறு குழுக்களுக்குக் கற்பித்தனர். தொற்று அச்சத்தால் அக்டோபரில் அது நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தன்னார்வலர்களை மாணவர் குடியிருப்புகளுக்கு அனுப்பியது.

சமூக ஊடகம் பாடத்தை நொடியில் கொண்டு சேர்க்கும். அது புரிந்ததா என்பதை மாணவர் முகம் பார்த்து அறிபவர் ஆசிரியர். ஆகவே, ஊடகம் பள்ளிக்குத் துணையாக நிற்பதே பொருத்தம். அத்துணை எட்டாத மாணவரைத் தேடிச் செல்வதும் கல்வியின் கடமையே.

சிந்தித்து விடை எழுதுக
1. ‘வித்யாகம’ திட்டத்தில் மாணவர் எவ்வாறு வகைப்படுத்தப்பட்டனர்?
2. திறன்பேசி இல்லாத வகுப்புத் தோழருக்கு நீவிர் எவ்வாறு உதவுவீர்?